இறக்கை மேல் டயர் தடம்

விபத்து விசாரணை வேலையில் நான் உட்கார்ந்த முதல் நாளே இரண்டு சின்ன விமானங்கள் நடுவானில் மோதிக்கொண்டன. அதுவரை நான் ஃபிஜியில், நாந்தி விமான நிலைய ஹேங்கரில் மெக்கானிக். ஆட்சிக்கவிழ்ப்புக்குப் பிறகு விசாரணை வேலையில் இருந்த சீனியர் குடும்பத்தோடு ஆஸ்திரேலியா போய்விட, அவர் நாற்காலி எனக்கு வந்தது.

ஒன்றை ஓட்டியவள் சரளா. நியூசிலாந்தில் பைலட் வேலை கிடைத்துப் புறப்படத் தயாராக இருந்தாள். இன்னொன்றை ஓட்டியவன் செமி, ஃபிஜிய இளைஞன். அவன் வளைந்த சக்கரத்தோடு நாந்தி ரன்வேயில் இறங்கிவிட்டான். சரளா கடற்கரையோர ஊரான தவுவாவில், கரும்பு வெட்டிய தோட்டத்தில் இறக்கியிருந்தாள்.

நான் போனபோது தோட்டக்காரர் காசிம் அவளுக்கு டீ ஊற்றிக்கொண்டிருந்தார்.

"புள்ளைக்கு ஒரு கீறல் இல்ல தம்பி! என் வேலிதான் போச்சு. போவட்டும்!" என்று தமிழில் சொல்லிச் சிரித்தார். சரளாவும் சிரித்தாள், கண்ணில் தண்ணீர் வர.

சிரிப்பு மறுநாள் ஆபீசில் நின்றது. "அவன்தான் இடிச்சான்" என்றாள் சரளா. "அவதான் குறுக்க வந்தா" என்றான் செமி. இருவரும் பேசியது ஃபிஜி இந்தி. கோபம் அதில் நன்றாகவே வந்தது.

"யார் தப்புன்னு ஒரு பேரை எழுது, ஃபைலை மூடு" என்றார் டைரக்டர். அந்த நாட்களில் யார் பேரை எழுதினாலும் ஊர் இந்தியர், ஃபிஜியர் என்று இரண்டாகியிருக்கும். எழுதப்படுபவரின் லைசென்ஸும் போகும்.

சரளாவுடையது இறக்கை தலைக்கு மேலே இருக்கும் விமானம்; செமியுடையதில் இறக்கை சீட்டுக்குக் கீழே. சரளாவின் இறக்கையின் மேல்பக்கம் கறுப்பாக ஒரு கோடு. டயர் ரப்பர். பின்னாலிருந்து முன்னால் சாய்வாக ஓடியது. அப்படியென்றால் செமி பின்னாலிருந்து, வேகமாக, மேலிருந்து இறங்கியிருக்கிறான்.

"அப்ப என் தப்புதானா?" என்றான் செமி.

அவன் விமானத்தை ஜாக்கியில் தூக்கினேன். சரளாவின் விமானத்தையும் லாரியில் ஹேங்கருக்குக் கொண்டுவந்து, கோடு விழுந்த இறக்கையைக் கழற்றி, கோடும் சக்கரமும் பொருந்தும்படி கீழே வைத்தேன். பிறகு சரளாவைச் செமியின் சீட்டில் உட்கார வைத்தேன்.

எட்டி எட்டிப் பார்த்தாள். "என் இறக்கை எங்க அண்ணே?"

"கீழதான் இருக்கு."

"இவனோட இறக்கைதான் தெரியுது. வேற ஒண்ணும் தெரியலியே!"

செமியை அவளுடையதில் ஏற்றினேன். மேலே பார்த்தவன், "கூரைதான் இருக்கு!" என்று கத்தினான். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். முதலில் செமிதான் சிரித்தான். அப்புறம் ஹேங்கரே சிரித்தது.

ரிப்போர்ட்டைப் படித்த டைரக்டர், "பேரே இல்லையே?" என்றார்.

"ரெண்டு பேரும் நிஜத்தைத்தான் சொன்னாங்க சார். ஒருத்தரை ஒருத்தர் பார்க்க வழியே இல்ல. அதனால சொல்லிக்கிறதுக்கு வழி எழுதியிருக்கேன்." அந்தக் கரையோரம் பறக்கிற எல்லாரும் ஒரே ரேடியோ அலைவரிசையில் இடத்தையும் உயரத்தையும் சொல்லவேண்டும் என்பது அந்த வழி. அவர் கையெழுத்துப் போட்டார்.

சரளா புறப்பட்ட நாளில் அவள் பெட்டியைச் செமிதான் தூக்கி வந்தான்.

இந்த வேலைக்கு வரும் தம்பிகளுக்கு ஒன்று சொல்வேன். யார் தப்பு என்று கேட்பதற்கு முன்னால், அவர்கள் சீட்டில் உட்கார்ந்து பாருங்கள்.