தண்ணீர்க் கிண்ணத்தை எடுத்து வைத்தது நான்தான்

போன வாரம் ரேஷன் கடை வரிசையில் நிற்கும்போது சின்னவன் தன் அம்மாவிடம், "யம்மா, நான் ஸ்கேலால அடிச்சதுலதான் பூனை செத்துப்போச்சா?" என்று கேட்டிருக்கிறான். அவள் வீட்டுக்கு வந்து என்னிடம் சொன்னாள். சொல்லிவிட்டு என் முகத்தையே பார்த்தாள். அவளுக்கு விஷயம் தெரியும். பூனை செத்து நாலு மாதம் ஆகிறது. நாலு மாதமாக இந்தப் பத்து வயதுப் பிள்ளை இதை மனசில் வைத்துக்கொண்டு பள்ளிக்கூடம் போய் வந்திருக்கிறான்.

அதனால்தான் எழுதுகிறேன். நான் எட்டாவது வரை படித்தவன். பட்டறையில் தோல் வெட்டுகிற கைக்குப் பேனா அவ்வளவாகப் பழக்கமில்லை. வாயால் சொல்லிவிடலாம் என்று இரண்டு தடவை உட்கார்ந்தேன். பிள்ளைகளா, உங்கள் இரண்டு பேர் முகத்தைப் பார்த்ததும் வேறு எதையோ பேசிவிட்டு எழுந்துவிட்டேன்.

அந்தப் பூனை, பெரியவள் தவழ்கிற நாளில் எலித் தொல்லைக்காக வந்தது. உங்கள் அம்மாவின் தையல் மெஷின் அடியில் வெட்டுத் துணிகள் கிடக்கும் இல்லையா, அதுதான் அதன் படுக்கை. பதினாலு வருஷத்தில் ஒரு நாளும் வீட்டுக்குள் அசிங்கம் பண்ணியதில்லை. சந்துக் கடைசி மணலுக்குப் போய், காலை உதறிவிட்டுத் திரும்பி வரும்.

போன மழைக்காலத்தில்தான் மாறியது. முதலில் வாசல் மிதியடியில் மூத்திரம் போனது. மழைக்குப் பயந்து போகிறது என்று விட்டுவிட்டோம். பிறகு அரிசி மூட்டைப் பக்கம், அடுப்பு மேடைக்குக் கீழே, நம் படுக்கை விரிப்பில். பத்துக்குப் பன்னிரண்டு அடி ரூமில் எங்கே போனாலும் எல்லா இடத்திலும் நாறும். மழை விடாமல் பெய்தது. துவைத்த விரிப்பு மூன்று நாளானாலும் காயவில்லை. பினாயில் நாற்றமும் மூத்திர நாற்றமும் சேர்ந்து சோற்றில் கை வைக்க முடியவில்லை. சின்னவனின் ஸ்கூல் பையில் போன அன்றைக்குத்தான் அவன் ஸ்கேலால் முதுகில் ஒன்று போட்டான். அது மெஷின் அடிக்கு ஓடிப் போனது. சாயங்காலம் அவன் மடியிலேயே வந்து படுத்தது. அதை நான் பார்த்தேன்.

மாட்டுங்காவிலிருந்து பிளவுஸ் தைக்கக் கொடுக்கும் மாமி ஒருவர் தைத்து வாங்கிப்போனதைத் திருப்பிக் கொண்டு வந்தார். கல்யாணத்துக்கு என்று கொடுத்த பட்டுத் துணி. "என்ன நாத்தம்மா இது? இதைப் போட்டுண்டு நான் எப்படி மண்டபத்துல நிக்கறது?" என்றார். சத்தம் போட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. மூக்கைப் பொத்திக்கொண்டு மெதுவாகத்தான் கேட்டார். அம்மா அவரை அனுப்பிவிட்டு வந்து, "இந்த நாத்தத்த வச்சுக்கிட்டு இனி எந்தப் பொம்பள நம்மகிட்ட துணி குடுப்பா?" என்று என்னிடம் கேட்டாள்.

எதிர் ரூம்காரர், ஆண்டாப் ஹில் மீன் மார்க்கெட் பக்கம் விட்டுவிட்டு வாருங்கள், தானாகப் பிழைத்துக்கொள்ளும் என்றார். பெரியவள் அதைக் கேட்டுவிட்டு, "அத அங்க விட்டா நானும் அங்கயே இருந்துக்கிடுவேன்" என்றாள். சொன்னதோடு நிற்கவில்லை. அன்றிலிருந்து பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் ரூம் மூலையில் துணி துவைக்கிற மோரியில் உட்கார்ந்து அத்தனையையும் அவளேதான் துவைத்தாள். விரல் நுனியெல்லாம் வெளுத்துச் சுருங்கிக் கிடந்தது.

அப்போதுதான் நான் ஒன்றைக் கவனித்தேன். பூனை ரொம்பத் தண்ணீர் குடித்தது. டிரம் பக்கத்தில் இருந்த கிண்ணத்தை ஒரு நாளைக்கு மூன்று தடவை காலி பண்ணியது. காலையில் ஒரு மணி நேரம் வரும் குழாய்த் தண்ணீரைக் குடம் குடமாகச் சுமந்து டிரம்மை நிரப்புகிறவன் நான். அது எனக்குக் கண்ணில் பட்டது. உள்ளே போவதைக் குறைத்தால் வெளியே வருவதும் குறையும் என்று கணக்குப் போட்டேன். யாரையும் கேட்கவில்லை. கிண்ணத்தை எடுத்து மேல்தட்டில் பழைய பாத்திரங்களுக்குப் பின்னால் வைத்துவிட்டேன். காலையில் ஒரு மூடித் தண்ணீர், சாயங்காலம் ஒரு மூடி, அவ்வளவுதான். கிண்ணம் எங்கே என்று பெரியவள் கேட்டாள். உடைந்துவிட்டது, தண்ணீர் நான் வைத்துக்கொள்கிறேன் என்றேன்.

நாலைந்து நாளில் நாற்றம் குறைந்தது. எனக்கு உள்ளுக்குள் பெருமை. அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை. பூனை டிரம்மைச் சுற்றிச் சுற்றி வந்தது; டிரம் மூடி மேல் செங்கல்லை வைத்தேன். ஈரத் துணியை நக்கியது. மோரித் தரையை நக்கியது. "யப்பா, ஏன் சோப்புத் தண்ணியப் போயி நக்குது?" என்று பெரியவள் கேட்டபோது, வயசானால் அப்படித்தான் என்றேன். தாகம் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்துதான் செய்தேன்.

இரண்டாவது வாரம் சாப்பிடுவதை நிறுத்தியது. வாந்தி எடுத்தது. நானும் பெரியவளும் காய்கறிப் பையில் வைத்து டாக்டரிடம் தூக்கிக்கொண்டு போனோம். அவர் கழுத்துத் தோலைக் கிள்ளித் தூக்கி விட்டார். தூக்கின தோல் கீழே இறங்காமல் அப்படியே நின்றது. தண்ணீர் எவ்வளவு குடிக்கும் என்று ஹிந்தியில் கேட்டார்.

"பராபர் பீத்தி ஹை" என்றேன். சரியாகத்தான் குடிக்கிறது என்று.

அவர் என்னைப் பார்த்தார், பிறகு தோலைப் பார்த்தார். கிட்னி கெட்ட பூனைக்கு மூத்திரத்தை அடக்க முடியாது, போனதை ஈடுகட்டத்தான் அப்படிக் குடிக்கும், கண்ட இடத்தில் போவதும் அதனால்தான், தண்ணீர் மட்டும் குறையவே கூடாது என்றார். தோலுக்கடியில் சலைன் ஏற்றினார். ஒரு தட்டில் தண்ணீர் வைத்தார். பூனை தலையைத் தூக்காமல் குடித்தது. பெரியவள் சந்தோஷமாகிவிட்டாள். "யப்பா, எப்படிக் குடிக்குது பாருங்க, பொழச்சுக்கிடும்லா?" என்றாள். பிழைத்துக்கொள்ளும் என்றேன்.

வீட்டுக்கு வந்து கிண்ணத்தைக் கீழே இறக்கினேன். உடைந்துவிட்டது என்று சொன்ன கிண்ணத்தை என் கையில் பார்த்ததும் அம்மாவுக்குப் புரிந்துவிட்டது. நாலாவது நாள் மதியம், நீங்கள் இருவரும் பள்ளிக்கூடத்தில் இருந்தபோது, மெஷின் அடியில் அது செத்துப்போனது. வயசாகிவிட்டது என்று உங்களிடம் சொன்னேன்.

வயசாகியிருந்தது உண்மை. கிட்னி கெட்டிருந்ததும் உண்மை. எப்படியும் ஒரு நாள் போயிருக்கும். ஆனால் அந்த மழையிலேயே, தாகத்தோடு போக வேண்டியதில்லை.

சின்னவனே, ஸ்கேல் அடியில் எந்தப் பூனையும் சாகாது. நீ காரணமில்லை.

இங்கே வேறு பாஷையில் படிக்கிற உங்களுக்குத் தமிழ் எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். அதனால் அம்மா இதை வாசித்துக் காட்டுவாள். அப்போது நான் பட்டறையில் இருப்பேன். எட்டு மணிக்கு வந்துவிடுவேன். என்னோடு பேச வேண்டாம் என்று தோன்றினால் பேச வேண்டாம். கேட்க வேண்டும் என்றால் கேளுங்கள். டாக்டருக்குச் சொன்னது மாதிரி பொய்ப் பதிலை உங்களுக்குச் சொல்ல மாட்டேன்.