ஆப்போசிட் என்று எழுதியிருந்த படகு சீட்

ஓசூரில் வண்டிகளுக்கு சீட் தயாரிக்கும் ஒரு கம்பெனியில் எட்டு வருடம் டிராயிங் பார்க்கிற வேலையில் இருந்தேன். வேன், லாரி, மினி பஸ் என்று எந்த சீட் வந்தாலும் காகிதத்தைப் பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடுவேன் என்ற திமிர் எனக்கு உண்டு. அந்தத் திமிரோடுதான் படகு சீட்டிலும் கை வைத்தேன்.

இரண்டாயிரத்துக்குப் பிந்தைய ஐந்தாறு வருடங்களுக்குள் நடந்தது இது. பெங்களூர் ஏஜென்ட் ஒருவர் மூலமாக வெளிநாட்டு ஆர்டர் வந்தது. மீன்பிடிப் படகு இல்லை, உல்லாசப் படகு. ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு ஏரியில் சுற்றுவதற்காம். எங்களுக்குத் தெரிந்த பெரிய தண்ணீர் கெலவரப்பள்ளி அணைதான். "சீட் பெல்ட் எங்கடா காணோம்?" என்று கேட்டு ஒருவன் எல்லோரையும் சிரிக்க வைத்தான்.

டிராயிங்கில் ஆட்கள் உட்காரும் இடத்தை மேலிருந்து பார்க்கிற மாதிரி காட்டியிருந்தார்கள். வலப்பக்கம் ஓட்டுபவர் சீட், அதற்கு இடப்பக்கம் ஒன்று, கடைசியில் நீளமாக ஒரு பெஞ்ச். எல்லாமே வெறும் கட்டங்கள். ஓட்டுபவர் சீட்டை மட்டும் விவரமாக வரைந்துவிட்டு, இடது சீட்டுக்கு ஒரே வார்த்தை எழுதியிருந்தார்கள்: ஆப்போசிட். எங்கள் தொழிலில் இந்த வார்த்தைக்கு ஒரே அர்த்தம்தான். வலது கால் செருப்புக்கு இடது கால் செருப்பு எப்படியோ அப்படி, கைப்பிடி இந்தப் பக்கம் என்றால் அந்தப் பக்கம். மற்றபடி இரண்டு சீட்டும் முன்னால்தான் பார்க்கும். நான் யோசிக்கக்கூட இல்லை.

சீட்டுகளை மாட்டுகிற பிட்டர் என் வயதுக்காரர். குமரிக் கடற்கரையில் ஒரு கத்தோலிக்கக் குடும்பம். அப்பாவும் அண்ணன்களும் கடலுக்குப் போகிறவர்கள். இவருக்கு மட்டும் கடல் ஒத்துக்கொள்ளாமல், வாந்தி எடுத்தே ஓசூருக்கு வந்து சேர்ந்ததாக அவரே சொல்லிச் சிரிப்பார். ஆறு வருடமாக கான்ட்ராக்ட். அந்த வருடம் நிரந்தரமாக்கப் போகிறவர்களின் பட்டியலில் அவர் பெயர் இருந்தது. பெயர் நிலைத்துவிட்டால் ஊரில் இருக்கும் மனைவியையும் மகளையும் அழைத்து வந்துவிடலாம். பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் வீடுகூடப் பார்த்து வைத்திருந்தார்.

சீட்டை மாட்டும்போது அவர்தான் கேட்டார்.

"சார், இந்த இடப்பக்க சீட்டு பின்னாடி பாத்துல்லா இருக்கணும்?"

"எதுக்கு?"

"கோவளத்துல பாத்திருக்கேன் சார். பின்னால கயித்தப் புடிச்சுட்டு ஒருத்தன் தண்ணி மேல வருவான். ஓட்டுறவரு முன்னாலதான பாப்பாரு? அவன் விழுந்தா பாக்க ஒரு ஆளு வேணும்லா. ஆப்போசிட்னு போட்டது அதுக்குத்தான் சார்."

நான்கு பேர் முன்னால் ஒரு பிட்டர் எனக்கு டிராயிங் படித்துக் காட்டுவதா? சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. "கடல்ல வாந்தி எடுத்துட்டு ஓடி வந்தவன் நீ. எனக்குப் படகு சொல்லித் தர்றியா? நான் சொன்னாப்ல மாட்டு" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்துக்கொண்டே மாட்டினார். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றும் எனக்குக் கூசுகிறது.

முதல் லாட் போனது. இடது சீட் பின்னால் பார்க்கவில்லை, எல்லாமே தப்பு என்று பதில் வந்தது.

எந்தத் தப்பு நடந்தாலும் 'ஏன், ஏன்' என்று ஐந்து முறை கேட்டு ஒரு தாளில் எழுதித் தர வேண்டும். அது கம்பெனி வழக்கம். முதல் ஏனுக்கு, 'பிட்டர் சீட்டைத் தவறான திசையில் பொருத்திவிட்டார்' என்று எழுதினேன். இரண்டாவது ஏனுக்கு, 'கவனக்குறைவு'. அதற்கு மேல் எழுதினால் என் பெயர் வந்துவிடும் என்று அங்கேயே நிறுத்திக்கொண்டேன். முதல் வரி பொய் இல்லை, மாட்டியது அவர்தானே என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

மேனேஜர் எங்கள் இருவரையும் கூப்பிட்டார். "நீதானய்யா மாட்டுன?" என்று கேட்டார்.

பிட்டர் என்னைப் பார்த்தார். நான் தாளைப் பார்த்தேன்.

"ஆமா சார், நான்தான் மாட்டுனேன்."

யார் சொல்லி மாட்டினேன் என்று அவர் சொல்லவில்லை. வெகுளி என்று வெகுநாள் நினைத்திருந்தேன். அப்படியில்லை. அதை நானே சொல்ல எனக்கு நேரம் கொடுத்தார். நான் கோழை, வாயைத் திறக்கவில்லை.

நோட்டீஸ் போர்டில் பட்டியல் ஒட்டியபோது அவர் பெயர் இல்லை. கான்ட்ராக்டையும் நீட்டிக்கவில்லை.

கடைசி நாள் மதியம் கேட் பாஸையும் ஷூவையும் ஒப்படைத்துவிட்டு என் பகுதிக்கு வந்தார். திருத்திய சீட்டுகளை அட்டைப் பெட்டியில் வைத்துக்கொண்டிருந்தோம். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று காலையிலிருந்தே நினைத்திருந்தேன். ஆனால் வாயில் வந்தது, "ஊருக்கா?" என்பதுதான்.

"ஆமா சார். சீட்டைத் திருப்பிட்டீங்களா?"

"திருப்பியாச்சு."

அவர் ஒரு சீட்டின் அருகில் போய் குனிந்தார். பழக்க தோஷம், போல்ட்டை விரலால் திருகிப் பார்த்துக்கொண்டார். "அப்பம் சரி சார். இனி எவனாவது விழுந்தா ஒரு ஆளு பாக்கும்" என்றார்.

என்னைக் குத்திக்காட்டுவதற்காகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். முகம் தெரியாத எவனோ ஒருவனுக்காக அவர் உண்மையாகவே நிம்மதிப்பட்டார்.

"பாத்துப் போங்க" என்றேன். ஆறு வருடத்தில் அன்றுதான் அவரை 'ங்க' போட்டுப் பேசினேன்.