ரம்பம் தின்ற அரை அங்குலம்

முதலில் என்னைப் பொறுத்துக்கொள்ளுங்கள். நான் தமிழ்ப்பள்ளியில் ஆறாவது வரை படித்தவள். ஊருக்குக் கடிதம் எழுதுவேன், தையலுக்கு அளவு எழுதுவேன், அவ்வளவுதான். நாலு பேர் இருக்கும் இடத்தில் வாய் திறக்கவே எனக்கு வராது. புத்தகம் படிக்கிறவர்கள் முன்னால் இதைக் கொண்டுவந்து வைக்க உனக்கு என்ன தகுதி என்று யாராவது கேட்டால் அது நியாயம்தான். ஒரு மரக்கடையில் நடந்த சின்ன விஷயம். முழுதாகத் தெரிந்தவர்கள் இப்போது நானும் என் வீட்டுக்காரரும்தான். அவர் சொல்ல மாட்டார். அதனால் நான் சொல்கிறேன்.

மெர்டேக்கா, அதான் நாட்டுக்குச் சுதந்திரம், கிடைத்த வருஷம் அது. காஜா பெராங்கில் ஒரு பலகை வீட்டின் பின்பாதியில் குடியிருந்தோம். நான் வீட்டிலேயே தைத்தேன். பக்கத்துக் குடியிருப்பான செட்டி கம்பத்துப் பெண்கள் கெபாயா என்கிற நீளக்கை மேல்சட்டை தைக்கக் கொடுப்பார்கள். அவர்களுக்குத் தமிழ் வராது, மலாயில்தான் பேச்சு. கொடி தைக்கச் சொல்லிச் சிவப்புத் துணியும் வெள்ளைத் துணியும் கொண்டுவந்தவர்களும் உண்டு. என் வீட்டுக்காரர் பக்கத்தில் இருந்த மரக்கடைக்கு நடந்தே வேலைக்குப் போவார். வீடு கட்டத் தேவையான சட்டங்களை அங்கேயே அளவாக அறுத்து லாரியில் ஏற்றி அனுப்புவார்கள். போன இடத்தில் நிறுத்தி ஆணி அடிப்பதுதான் பாக்கி வேலை.

எட்டு வருஷம் அவர் அங்கே மரம் சுமந்தார். வலது தோளில் தோல் தடித்துப்போயிருந்தது. எண்ணெய் தேய்க்கும்போது கண்ணை மூடிக்கொண்டாலும் எது வலது, எது இடது என்று என் விரலுக்குத் தெரியும். நாலு மாதத்துக்கு முன்புதான் கடை முதலாளியான தவுக்கே அவரை மரம் அறுக்கும் ரம்பத்தடிக்கு மாற்றியிருந்தார். அதற்குப் பிறகுதான் அவர் வலது பக்கம் திரும்பிப் படுக்க ஆரம்பித்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் தரையில் கெபாயாத் துணியை விரித்து அதன்மேல் காகித வெட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தேன். கையின் வளைவை முன்பக்கத்துப் பள்ளத்தில் செருகி, கழுத்துப் பட்டியை ஓரத்துக்குத் தள்ளி, திரும்பத் திரும்ப மாற்றி வைத்துப் பார்த்தேன். அவர் காப்பிக் கோப்பையோடு நின்று பார்த்தார்.

"என்ன புள்ள, தாயமா ஆடுற?"

"வெட்டிட்டா ஒட்ட முடியாதுங்க. அதான் காகிதத்திலயே ஆடிப் பாத்துக்கிறேன்."

அவர் காப்பியைக் குடிக்கவே மறந்து நின்றார். பிறகுதான் கடை விஷயத்தைச் சொன்னார். பத்து பெரெண்டாம் என்ற ஊரில் ஆறு வீட்டுக்கு மரம் அறுத்துக் கொடுக்க வேண்டும். மரம் அறுக்கும் ஆலைப் பக்கம் வெள்ளம் என்பதால் புது மரம் வராது. இருக்கிற மரம் நாலு வீட்டுக்குத்தான் காணும் என்று மூத்த அறுப்புக்காரர் சொல்லிவிட்டார். தவுக்கே அந்த ஆறு வீட்டு வேலையையே வேண்டாம் என்று விட்டுவிடலாமா என்று யோசிக்கிறாராம்.

பிஸ்கட் பெட்டி அட்டையைக் கீற்றுக் கீற்றாக நறுக்கினோம். ஓர் அடி மரத்துக்கு ஓர் அங்குல அட்டை. கடையில் இருந்த மரம் எல்லாம் பதினாறு அடி, அதற்குப் பதினாறு அங்குலக் கீற்று. ஒரு வீட்டுக்கு என்னென்ன கட்டை வேண்டும் என்று அவர் சொல்லச் சொல்ல வெட்டி அடுக்கினேன். கூரைக்கு ஒன்பதடிக் கைமரம், ஐந்தடிச் சுவர்ச் சட்டம், சுவரின் நடுவே அடிக்க இரண்டடிக் குறுக்குக் கட்டை. மூன்றையும் சேர்த்தால் சரியாகப் பதினாறு! துளி மிச்சமில்லை. கடையிலோ ஒன்பதடியை அறுத்து எடுத்துக்கொண்டு மீதியைக் குவியலில் எறிந்துவிடுவார்களாம். ஆறு வீடும் அட்டையில் வந்துவிட்டது. துணி வெட்டும்போது தையலுக்கென்று ஓரத்தில் கூடுதல் விடுவேன். மரத்துக்கு ஏது தையல் என்று அதை விட்டுவிட்டேன். நான் கெட்டிக்காரி என்று எனக்கே கொஞ்சம் தோன்றியது.

வாயே திறக்காத மனிதர், மறுநாள் தவுக்கேயிடம் போய் ஆறும் வரும் என்று சொல்லிவிட்டார். "வராட்டி நீ பழையபடி லாரிக்கு மரம் தூக்கப் போ" என்றாராம் தவுக்கே. மூத்த அறுப்புக்காரர், அவரும் நம்மவர்தான், இது என் கணக்கு என்று தெரிந்ததும் கடை முழுக்கக் கேட்கும்படி, "என்ன மச்சான், வீட்டுக்குக் கொக்கி வைக்கப் போறியா, பட்டன் வைக்கப் போறியா?" என்றாராம். எல்லாரும் சிரித்தார்களாம். இதை என்னிடம் சொல்லும்போது வீட்டுக்காரரும் சிரித்தார்.

புதன்கிழமை சிரிக்கவில்லை. கையில் ஒரு கட்டையோடு வந்தார். என் டேப்பை எடுத்து அளந்தேன். இரண்டடிக்கு அரை அங்குலம் குறைவு.

"எல்லாமே இப்படித்தானா?"

"கடைசியா அறுத்தது எல்லாம் குட்டை. சுவர்ல வச்சா இடைவெளி விழுது."

ரம்பம் ஒவ்வொரு தடவை மரத்துக்குள் போகும்போதும் ஏறக்குறைய கால் அங்குலத்தைத் தூளாக்கிவிடுகிறது. இரண்டு வெட்டுக்கு அரை அங்குலம். கத்தரிக்கோல் துணியைத் தின்னாது, ரம்பம் தின்னும். எனக்கு அது தெரியாது. அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்தான். ஆனால் அதுவரை எல்லா மரத்திலும் மிச்சம் கிடந்ததால், ரம்பம் தின்றதை யாரும் தேடிப் பார்த்ததில்லை.

"நான் சொல்லித்தானே..." என்றேன்.

"நீ என்ன பண்ணுவ? ரம்பம் பிடிக்கிறவன் நானு."

கட்டையைக் கதவோரம் சாத்தி வைத்துவிட்டுக் குளிக்கப் போனார். வியாழக்கிழமை சாயங்காலம் எண்ணெய் தேய்க்கும்போது வலது தோளில் புதுச் சிராய்ப்பு இருந்தது. என் கை நின்றுவிட்டது.

"ஒண்ணுமில்ல, தேய்" என்றார்.

கொஞ்ச நேரம் தேய்த்துவிட்டுக் கேட்டேன்: "ஏங்க, எந்தக் கட்டை கொஞ்சம் குட்டையா இருந்தாலும் வீடு கோவிச்சுக்காது?"

அவருக்குத் தூக்கம் வந்துகொண்டிருந்தது. "கைமரம் அசையாம இருக்கப் பக்கத்துல அண்டக் கொடுத்து அடிக்கிற கட்டைதான். மேல இருக்கும். யாரு அளக்கப் போறா?"

ரவிக்கைக்கு உள்பட்டி என்று ஒன்று உண்டு. வெளியே தெரியாது. மிச்சத் துணியில் எடுப்போம். கொஞ்சம் கூடக் குறைய இருந்தாலும் பாதகமில்லை. காலையில் அவர் போனதும் அட்டைகளை மறுபடி தரையில் பரப்பினேன். வெட்டு விழும் ஒவ்வொரு இடத்திலும் நீலப் பென்சிலால் ஒரு கோடு போட்டேன். அது ரம்பத்துக்கு. மரத்தின் கடைசித் துண்டை எல்லாம் அண்டைக் கட்டையாக வைத்தேன். சரியான இரண்டடி வேண்டிய குறுக்குக் கட்டைகளை வேறு மரத்தில் எடுக்க வேண்டியிருந்தது. அதனால் ஆறாவது வீடு முழுசாக வரவில்லை. எத்தனை தடவை மாற்றி அடுக்கினாலும் பின்சுவர் குறைந்தது.

பட்டன் போடும் தகரப் பெட்டியைக் கொட்டிக் காலி செய்து, கீற்றுகளை அதில் வைத்துக்கொண்டு குடையை எடுத்தேன். மரக்கடைக்குள் நான் அதுவரை போனதே இல்லை. வாசலிலேயே திரும்பிவிடலாம் என்று இருந்தது. உள்ளே அவர் தோளில் நீண்ட மரத்தோடு லாரிக்கும் கொட்டகைக்கும் நடுவே போய்க்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் நின்றார். மரத்தை இறக்கவில்லை.

மூத்த அறுப்புக்காரர்தான், "என்ன தங்கச்சி, அளவெடுக்க வந்தியா?" என்றார்.

 பெட்டியைத் திறந்து ஒரு பலகையின்மேல் அடுக்கிக் காட்டினேன். கீற்றுகள் இரண்டு தரம் கீழே விழுந்தன. அறுப்புக்காரரே குனிந்து எடுத்துக் கொடுத்தார். தவுக்கேயும் வந்து நின்றார். நீலக் கோட்டைத் தொட்டு, "இது என்ன?" என்று மலாயில் கேட்டார்.

"ரம்பத்துக்கு" என்றேன்.

அறுப்புக்காரர் வாய்விட்டுச் சிரித்தார். அது கேலிச் சிரிப்பு இல்லை. "தவுக்கே, இந்தப் பொண்ணு ரம்பத்துக்கும் சோறு போட்டிருக்கு!" என்று மலாயில் சொன்னார். பிறகு ஒதுக்கிப் போட்டிருந்த குட்டைக் கட்டை ஒன்றை எடுத்து ஒரு கைமரத்தின் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். தலையை ஆட்டினார். வீணாகிவிட்டது என்று நினைத்த கட்டைகள் எல்லாவற்றுக்கும் அங்கே இடம் இருந்தது.

"ஆறு வீடும் வருமா?" என்று தவுக்கே கேட்டார்.

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். என் வீட்டுக்காரர் தோளில் இன்னும் அந்த மரம் இருந்தது.

"வராது. ஐந்து வரும். ஆறாவதுக்குப் பின்சுவர் இருக்காது."

 தவுக்கே கீற்றுகளைப் பெட்டிக்குள் போட்டு மூடி, கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அலுவலக அறைக்குள் போய்விட்டார். நான் குடையை விரித்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தேன்.  சாயங்காலம் வீட்டுக்காரர் வந்தார், முடிவு என்னவென்று அவரிடம் யாரும் சொல்லவில்லையாம். எண்ணெய் தேய்த்தேன். சிராய்ப்பைச் சுற்றித் தேய்த்தேன்.

மறுநாள் சனிக்கிழமை. காலை ஏழு மணிக்கு வேலைக்குப் போனவரை மறுபடி ரம்பத்தடி வேலையில் நிறுத்தினார்கள். தகரப் பெட்டி திரும்பி வரவில்லை; ஐந்து வீட்டுக்கும் அதைப் பார்த்துத்தான் அறுத்தார்களாம். பட்டன்களை ஒரு கிண்ணத்தில் போட்டு வைத்தேன்.