மாற்று ஆளின் நாற்காலி

நான்சியைப் பற்றி எழுது என்று என்னை யாரும் கேட்கவில்லை. ஆனாலும் எழுதுகிறேன், ஏனென்றால் எங்கள் கல்லூரியில் அவளைப் பற்றி உலவும் கதை பொய். ஆட்டத்துக்கு நடுவே அடங்காமல் களத்துக்குள் பாய்ந்தவள் என்கிறார்கள். அவள் பாயவில்லை. நடந்து வந்தாள், நாற்காலியில் உட்கார்ந்தாள், முறைப்படி கேட்டாள். எனக்குத் தெரியும். ஸ்கோர் மேசையில் உட்கார்ந்து ஹாரன் அடித்தவள் நான்தான்.

என் பெயர் விருத்தாம்பாள். கோயிலில் வேண்டிக்கொண்டு வைத்த பெயர். இருபது வயதில் அந்தப் பெயரைத் தூக்கிக்கொண்டு அலைவது எவ்வளவு கஷ்டம் என்று வைத்தவர்களுக்குத் தெரியாது. கூடைப்பந்து டீமில் எல்லோரும் என்னை ஆத்தா என்று கூப்பிடுவார்கள். முதல் வருடம் நானும் டீமில் இருந்தேன். ஆடவில்லை, பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். எங்கள் பி.டி. சார் கொளஞ்சிநாதன் ஒரு வழக்கம் வைத்திருந்தார். மூன்றாம் வருடப் பெண்கள்தான் ஆட வேண்டும், மற்றவர்கள் தங்கள் முறை வரும்வரை காத்திருக்க வேண்டும். எனக்கு முறை வருவதற்குள் ஒரு நாள் பயிற்சியில் முட்டி திரும்பி ஜவ்வு கிழிந்தது. சார் பாவப்பட்டு என்னை ஸ்கோர் எழுதும் மேசைக்கு அனுப்பினார். ஒரு நிமிடம்கூட ஆடாமல் ரிட்டையர் ஆனவள் இந்த ஜில்லாவிலேயே நான் ஒருத்திதான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

சாரைக் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். அவர் சொல்வதிலும் நியாயம் உண்டு. மூன்றாம் வருடத்தோடு கல்லூரி முடிகிறது. மண்டலப் போட்டியில் ஆடி, யுனிவர்சிட்டி டீமில் பெயர் வந்தால் போலீஸுக்கோ ரயில்வேக்கோ ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் முயற்சி செய்யலாம். அந்த வாய்ப்பைக் கடைசி வருடப் பெண்களுக்குக் கொடுக்கிறேன் என்பார். கேட்க நன்றாகத்தான் இருக்கும், உட்கார்ந்திருப்பது நீங்களாக இல்லாத வரைக்கும்.

நான்சி எனக்கு ஒரு வருடம் இளையவள். பி.எஸ்சி. கணிதம். ஐந்தடி ஒரு அங்குலம். அப்பா பிலோமின்ராஜ் பீங்கான் தொழிற்பேட்டையில் சூளைக்குச் சரக்கு ஏற்றுகிறார். அம்மா பாக்கியமேரி அதே கம்பெனியில், அச்சிலிருந்து எடுத்த, இன்னும் சுடாத பச்சை பொம்மைகளின் ஓரப் பிசிறைச் சுரண்டித் துடைக்கிறார். பிள்ளையாரும் யானையும் வேளாங்கண்ணி மாதாவும் அவர் கையைத் தாண்டித்தான் சூளைக்குப் போக வேண்டும். கை நடுங்கினால் மூக்கு போய்விடும், மாதாவுக்கும் சரி யானைக்கும் சரி.

நான்சி பந்து போடக் கற்றது மாதா கோயில் பள்ளிக்கூடத்தில். அங்கே ஒரே ஒரு வளையம், வலை கிடையாது. பத்தடி உயரத்தில் இருக்க வேண்டியதை எந்தப் புண்ணியவானோ பதினொன்றரை அடியில் மாட்டியிருந்தான். அது தப்பு என்று ஆறு வருடம் அவளுக்குத் தெரியாது. அதனால்தான் அவள் பந்தை அவ்வளவு மேலே தூக்கிப் போடுவாள். ஆறடிப் பெண் கையை நீட்டினாலும் எட்டாது. கல்லூரிக்கு வந்து சரியான வளையத்தைப் பார்த்தபோது, இவ்வளவு கீழேயா என்று சிரித்தாளாம்.

பயிற்சியில் அவளை நிறுத்த ஆள் இல்லை. காலை ஐந்தரைக்கு மைதானத்துக்கு முதலில் வருபவள் அவள்தான். ஆனால் போட்டி என்று வந்தால் தண்ணீர்க் கேன் தூக்குவாள், பந்துப் பையைத் தூக்குவாள், டீம் டிரஸ் போட்டுக்கொண்டு பெஞ்சின் ஓரத்தில் உட்காருவாள். முதல் வருடம் அப்படியே போயிற்று. அவள் முணுமுணுக்கவில்லை. எல்லோரும் உட்கார்ந்தார்கள், நானும் உட்காருகிறேன் என்றாள்.

இரண்டாம் வருடம் நோட்டீஸ் போர்டில் ஒரு தாள் ஒட்டினார்கள். வருகிற ஜூன் முதல் கூடைப்பந்து மைதானம் கல்லூரிப் பஸ்கள் நிற்கும் இடமாகும், பெண்கள் அணியும் இந்த வருடத்தோடு நிறுத்தப்படுகிறது. நிர்வாகத்தின் கையெழுத்து, சீல் எல்லாம் இருந்தது. ஆறு மூன்றாம் வருடப் பெண்கள் அந்தத் தாளைப் பார்த்துவிட்டுப் போய்விட்டார்கள். அவர்களுக்கு எப்படியும் ஜூனில் கல்லூரி இல்லை. டீமில் ஏழாவது ஆள் நான்சி. அவள் மட்டும் அங்கேயே நின்றாள்.

நேராகச் சாரிடம் போய்க் கேட்டாள். அடுத்த வருடம் உன் முறை என்றீர்கள், அடுத்த வருடமே இல்லையே என்றாள். நிர்வாகத்தின் முடிவுக்கு நான் என்ன செய்வது, அதற்காக முறையை மாற்ற முடியுமா என்றார் சார். மண்டலப் போட்டி அந்த வருடம் எங்கள் மைதானத்திலேயே நடந்தது. அதில் களத்துக்குள் இறங்கவில்லை என்றால் அவள் கல்லூரிக்காக ஒருபோதும் ஆடப்போவதில்லை. விஷயம் அவ்வளவுதான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வராத முறைக்குக் காத்திருந்தவள் நான் ஒருத்தி போதாதா?

போட்டிக்கு முன்பு மேசை வேலைக்காக நான் விதிப் புத்தகத்தைப் படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் ஊர்ப் பக்கத்தில் ஆள் மாற்ற வேண்டுமென்றால் பி.டி. சார்கள் கத்துவார்கள், நாங்கள் ஹாரன் அடிப்போம். வருடக்கணக்காக அப்படித்தான். புத்தகத்தில் வேறு மாதிரி இருந்தது. கேன்டீனில் நான்சிக்கு அதைப் படித்துக் காட்டினேன். ஆள் மாற்றம் கேட்கும் உரிமை உள்ளே போகப்போகும் மாற்று ஆளுக்கு மட்டுமே உண்டு. அவளேதான் மேசைக்கு வந்து கேட்க வேண்டும், அல்லது அங்கே போட்டிருக்கும் நாற்காலியில் உட்கார வேண்டும்.

"கோச்சு கேட்டா?" என்றாள்.

"கோச்சு கேட்டா நான் ஹாரன் அடிக்கவே கூடாதுடி. இத்தன நாளா நாங்கதான் தப்பா அடிச்சிட்டு இருக்கறோம்."

இன்னொரு தடவை படி என்றாள். படித்தேன். டீயைக் குடித்துவிட்டு எழுந்து போனாள். விளையாட்டுக்குச் சொன்னேன் என்று நான் சொன்னால் அது பொய். தெரிந்துதான் சொன்னேன்.

முதல் இரண்டு ஆட்டங்களில் எங்கள் டீம் ஜெயித்தது, நான்சி உட்கார்ந்திருந்தாள். மூன்றாவது, அரையிறுதி. எதிரில் கடலூர் டீம். கடைசிக் குவார்ட்டரில் ஏழு நிமிடம் நாற்பது விநாடி பாக்கி. ஒன்பது பாயிண்ட் பின்னால் இருந்தோம். எங்கள் கேப்டன் அனிஷாவுக்குக் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது, நொண்டி நொண்டி ஓடினாள். அவள் மங்கலம்பேட்டையிலிருந்து தினமும் பஸ்ஸில் வருகிற பெண், வலித்தாலும் வாய் திறக்க மாட்டாள். பெஞ்சில் இன்னொரு மூன்றாம் வருடப் பெண் சிவசங்கரி இருந்தாள், அவளுக்குக் காலையிலிருந்து காய்ச்சல். சார் யாரையும் மாற்றவில்லை.

ஒரு ஃபவுலுக்கு விசில் ஊதி ஆட்டம் நின்றது. நான்சி பெஞ்சிலிருந்து எழுந்தாள். டீம் டிரஸ்ஸுக்கு மேல் போட்டிருந்த சட்டையைக் கழற்றி மடித்து வைத்தாள். மேசைக்கு வந்து நாற்காலியில் உட்கார்ந்து, இரண்டு கைகளையும் பெருக்கல் குறியாக வைத்துக் காட்டினாள்.

"ஆள் மாத்தணும். அனிஷாக்காவுக்கு நானு" என்றாள்.

சார் முதுகைக் காட்டிக்கொண்டு களத்தைப் பார்த்து ஏதோ கத்திக்கொண்டிருந்தார். நேரத்தைத் தாளில் குறித்துக்கொண்டேன். பிறகு ஹாரனை அழுத்தினேன். ரெஃபரி திரும்பிப் பார்த்துக் கையசைத்து அவளை உள்ளே கூப்பிட்டார். அனிஷா நான்சியைப் பார்த்தாள், சாரைப் பார்த்தாள், நொண்டிக்கொண்டே வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்தாள். சார் திரும்பியபோது ஐந்து பேரில் ஒருத்தியாக நான்சி நின்றுகொண்டிருந்தாள்.

அவளை வெளியே வரச் சொல்லிக் கத்தினார். ரெஃபரி முடியாது என்றார். உள்ளே வந்தவள் கொஞ்சமாவது ஆடி, கடிகாரம் ஓடி நின்ற பிறகுதான் வெளியே போக முடியும். அதுவும் விதிதான். சார் என்னைப் பார்த்த பார்வையை என்னால் இன்றைக்கும் எழுத முடியாது.

அடுத்த முறை ஆட்டம் நின்றபோது அனிஷாவை உள்ளே போகச் சொன்னார். போக வேண்டுமென்றால் அவள்தான் மேசைக்கு வந்து கேட்க வேண்டும். அனிஷா எழுந்திருக்கவில்லை. குனிந்து ஷூ கயிற்றை அவிழ்த்தாள். சார் சிவசங்கரியைக் கிளப்பினார். காய்ச்சல்காரி ஆடி அசைந்து மேசைக்கு வருவதற்குள் ரெஃபரி பந்தை ஃப்ரீ த்ரோ போடுகிறவள் கையில் கொடுத்துவிட்டார். பந்தைக் கொடுத்த பிறகு மாற்ற முடியாது, லேட் என்றேன். சிவசங்கரி என்னைப் பார்த்துக் கண்ணடித்துவிட்டு அதே வேகத்தில் திரும்பிப் போனாள். சிரிப்பை அடக்க நான் ஸ்கோர் தாளில் முகத்தைப் புதைக்க வேண்டியிருந்தது.

நான்சி எங்களைக் கரை சேர்த்தாள் என்று எழுத ஆசைதான், ஆனால் நடக்கவில்லை. முதல் பாஸே கோட்டுக்கு வெளியே போயிற்று. ஒரு ஃப்ரீ த்ரோவைத் தவறவிட்டாள். ஆனால் இரண்டு முறை எதிராளியின் கையிலிருந்து பந்தைப் பறித்தாள். ஒரு முறை, அவளைவிட ஒரு தலை உயரமான பெண் இரண்டு கையையும் தூக்கி மறித்தபோது, அவள் தலைக்கு மேலே பந்தைத் தூக்கிப் போட்டாள். அது எங்கேயோ போய்த் தொலைந்தது என்று நினைத்தோம், நேராகக் கூடைக்குள் இறங்கியது. ஒன்பது பாயிண்ட் வித்தியாசம் ஐந்தானது.

மூன்று நிமிடம் இருபத்தொன்பது விநாடி பாக்கி இருக்கும்போது சார் டைம்-அவுட் எடுத்தார். சிவசங்கரியைக் கையைப் பிடித்து இழுத்து வந்து அவரே நாற்காலியில் உட்கார வைத்தார். நான்சி வெளியே வந்தாள். ஆட்டத்தில் பதினோரு பாயிண்டில் தோற்றோம்.

அடுத்த திங்கட்கிழமை எங்களைச் சாரின் அறைக்குக் கூப்பிட்டார்கள். நான்சியின் அப்பாவையும் வரச் சொல்லியிருந்தார்கள். பிலோமின்ராஜ் அரை நாள் லீவு போட்டுவிட்டு வேலைச் சட்டையோடு வந்திருந்தார். புருவத்திலெல்லாம் வெள்ளைத் தூள். சார் மரியாதையாகத்தான் பேசினார். உட்காருங்க என்றார். மேசையில் டைப் அடித்த மன்னிப்புக் கடிதம் இருந்தது. மகளும் அப்பாவும் கையெழுத்துப் போட வேண்டும், இல்லையென்றால் நான்சியின் பெயர் டீமிலிருந்து எடுக்கப்படும், விளையாட்டுச் சான்றிதழும் கிடையாது. உங்கள் பெண் தன் முறைக்குக் காத்திருக்காமல் உள்ளே போய்விட்டாள் என்றார் சார்.

பிலோமின்ராஜுக்குப் புரியவில்லை. "எம் பொண்ணு ரெண்டு வருஷமா ஆடிட்டுத்தான சார் இருக்குது?" என்றார்.

சார் நான்சியைப் பார்த்தார். அப்போதுதான் எனக்கு உறைத்தது, நான்சி வீட்டில் சொல்லவே இல்லை. ஒவ்வொரு போட்டிக்கும் பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டு, நல்லா ஆடினேன்ப்பா என்று சொல்லியிருக்கிறாள். அவர் அதைக் கம்பெனி முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்திருக்கிறார். நாற்காலியில் உட்கார்ந்து கை காட்டிக் கேட்டபோது தலை நிமிர்ந்திருந்த பெண், அந்த அறையில் தலையைக் குனிந்துகொண்டாள்.

அவர் என் பக்கம் திரும்பினார். "நீ ஸ்கோரு எழுதறவதானம்மா. எவ்ளோ நேரம் ஆடுச்சு?"

"நாலு நிமிஷம் பதினோரு செகண்டு, அங்கிள்."

"அன்னைக்கா?"

"மொத்தமே அவ்ளோதான்."

அவர் மகளைத் திரும்பிப் பார்த்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது. அறையப்போகிறார் என்றுகூட நினைத்தேன். அவர் கடிதத்தை எடுத்து, ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்தார். திருப்பி மேசையில் வைத்தார்.

"சார், ரெண்டு வருஷம் எம் பொண்ண உக்கார வச்சதுக்கு நீங்க ஒண்ணு எழுதிக் குடுங்க. அதுல நீங்க கையெழுத்து போடுங்க, இதுல நான் போடறேன்."

குரலை உயர்த்தவில்லை. சூளையில் சரக்கு ஏற்றுகிற கை மேசைமேல் அசையாமல் இருந்தது. சார் பேனாவை மூடினார், திறந்தார். எழுதவில்லை. பிலோமின்ராஜும் கையெழுத்துப் போடவில்லை. போயிட்டு வரோம் சார் என்று எழுந்துகொண்டார்.

அன்றைக்கே நான்சியின் பெயரை அடித்தார்கள், என்னை மேசையிலிருந்து எடுத்தார்கள். அனிஷாவுக்கு யுனிவர்சிட்டி டீமில் இடம் கிடைக்கவில்லை. ஆட்டத்தன்று ஏன் எழுந்திருக்கவில்லை என்று அவளிடம் பிறகு கேட்டேன். ரெண்டு வருஷம் நானும் உக்காந்தவதான் ஆத்தா, எனக்குத் தெரியாதா என்றாள். அவளுக்கு வருத்தம் இல்லை என்று சொல்ல மாட்டேன், இருக்கிறது. ஆனால் அதற்காக நான்சியை ஒரு வார்த்தை சொன்னதில்லை.

அந்தத் திங்கட்கிழமை அறையை விட்டு வெளியே வந்ததும் நான்சி படியில் நின்று அழுதாள். பொய் சொல்லிட்டேன்ப்பா, நீங்க எல்லார்ட்டயும் சொல்லிட்டு இருந்தீங்க, எப்படிச் சொல்றதுன்னு தெரியல என்றாள். பிலோமின்ராஜ் டி.வி.எஸ். வண்டியின் ஸ்டாண்டைத் தட்டிவிட்டு அவளைப் பார்க்காமலே பேசினார்.

"இனிமே எங்கயாச்சும் உக்கார வச்சாங்கன்னா, வூட்டுல வந்து உக்கார வச்சாங்கன்னு சொல்லு. நான் வந்து கேக்கறேன்."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு பின்னால் ஏறினாள்.