கூப்பிட்டால் அது நான் இல்லை

நான்கு வருடங்களுக்கு முன்னால், ஓர் ஆடி மாதத்தில் நடந்தது இது. அப்போது நாங்கள் தேவாரத்துக்குக் கொஞ்சம் தள்ளி, மலையடிவாரத்தில் தென்னந்தோப்பை ஒட்டிய ஒரு வாடகை வீட்டில் இருந்தோம். என் கணவருக்குத் தேனியில் மோட்டார் உதிரிபாகக் கடை. பத்து வயதில் ஒரு மகள், ஆறு வயதில் ஒரு மகன். அந்த ஜூனில்தான் இரண்டு பேரையும் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தி, வீட்டிலேயே நான் பாடம் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்திருந்தேன். எங்கள் சபையில் ஏற்கெனவே இரண்டு குடும்பத்தினர் அப்படிச் செய்துகொண்டிருந்தார்கள். காலையில் பாட்டும் ஜெபமும், ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை பாடம். வருடம் முழுவதுக்கும் அட்டவணை போட்டுச் சுவரில் ஒட்டியிருந்தேன். எனக்கு அதில் கொஞ்சம் தலைக்கனமே உண்டு.

அக்கம்பக்கத்துக் கேள்விகளைத்தான் தாங்க முடியவில்லை. "பிள்ளைக ஏன் பள்ளிக்கூடம் போகல? ஃபீஸ் கட்ட முடியலையா? மண்டையில எதுவும் கோளாறா?" என்று வாய் கூசாமல் கேட்பார்கள். ஒருநாள் பக்கத்துத் தெருப் பெண் ஒருத்தி, "உங்கம்மா கூப்புடுறாக, வாடா" என்று பொய் சொல்லி என் மகனை வெளியே அழைத்துப்போய், போலீஸ்காரர் மாதிரி விசாரித்து அனுப்பியிருந்தாள். எனக்கு உச்சி முதல் பாதம் வரை எரிந்தது.

அதோடு நானும் ஒரு பொய்யை அவிழ்த்துவிட்டேன். தேனியில் பள்ளிக்கூடத்தில் சேர்த்தாகிவிட்டது, பிள்ளைகள் அப்பாவோடு காரில் போய்விடுவார்கள், நானும் கூடவே கடைக்குப் போய்விடுவேன் என்று. வெட்கமாகத்தான் இருக்கிறது, என்ன செய்ய! ஒரு பொய்யைக் காப்பாற்ற எத்தனை வேலை பார்க்க வேண்டியிருக்கிறது! கார் கிளம்பியதும், யாரும் பார்க்காத நேரமாக வாசல் கதவுக்கு வெளியே பூட்டுப் போட்டுவிட்டு, சுற்றிக்கொண்டு போய்ப் பின்பக்கத்து அடுப்படிக் கதவு வழியாக உள்ளே வந்துவிடுவேன். ஜன்னல்கள் எல்லாம் சாத்தியிருக்கும். முன்னறையில் பாடம் நடக்கும்.

பிள்ளைகளுக்கும் ஒரு சட்டம் போட்டேன். யார் கதவைத் தட்டினாலும், பேரைச் சொல்லிக் கூப்பிட்டாலும் மூச்சுக் காட்டக் கூடாது. அம்மா வெளியே நின்று கூப்பிடவே மாட்டேன். அம்மா குரல் மாதிரியே கேட்டாலும் அது நான் இல்லை. மகன் கண்ணை அகல விரித்துக்கொண்டு தலையாட்டினான். கெட்டிக்காரப் பிள்ளைகள் என்று பூரித்துப்போனேன்.

இரண்டு வாரத்தில் கேட்டில் வேப்பிலைக் கொத்தும் குங்குமம் தடவிய எலுமிச்சம்பழமும் செருகியிருந்தன. யாரோ நமக்குச் சூனியம் வைக்கிறார்கள் என்று அதைப் பிடுங்கி எறிந்துவிட்டு, தெருவுக்கே கேட்கும்படி ஜெபம் பண்ணினேன். காலையில் பால் ஊற்றுகிற அக்கா ஒருத்தர் உண்டு. அவரும் அப்போதிலிருந்து பாலைக் கேட்டருகிலேயே வைத்துவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் ஓடிவிடுவார். அதற்கும் எனக்குக் கோபம்தான்.

அன்றைக்குக் காலையிலிருந்தே காற்று ஊளையிட்டது. தென்னை மட்டைகள் விழுந்துகொண்டே இருந்தன. பதினோரு மணி இருக்கும். பிள்ளைகளுக்கு வாய்ப்பாடு ஒப்பிக்கச் சொல்லிவிட்டு, நடுக்கதவைச் சாத்தி, அடுப்பில் குக்கரில் பருப்பை வைத்தேன். கொடியில் கிடந்த துணி பறக்கிறதே என்று பின்பக்கம் ஓடினேன். தண்ணீர்த் தொட்டி ஓரத்துப் பாசியில் கால் வழுக்கியது. கணுக்காலுக்கு மேலே எலும்பு முறிந்த சத்தம் எனக்கே கேட்டது. அதே நேரம் அடுப்படிக் கதவு படாரென்று அறைந்து, உள்தாழ்ப்பாள் தானாக விழுந்துகொண்டது. போனும் சாவியும் உள்ளே.

தவழ்ந்து போய்க் கதவைத் தட்டினேன். உள்ளே "ஏழெட்டு ஐம்பத்தாறு" என்று ஒப்பித்துக்கொண்டிருந்த சத்தம் சட்டென்று நின்றது. மகளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டேன். ஒரு சத்தமும் இல்லை. மகனைக் கூப்பிட்டேன். யாருமே இல்லாத வீடு மாதிரி இருந்தது. நான் மூச்சு வாங்க நிறுத்தினால், கொஞ்ச நேரத்தில் ஏழொன்பதிலிருந்து மெதுவாக ஆரம்பிக்கிறது. கூப்பிட்டால் மறுபடியும் நின்றுவிடுகிறது. இத்தனைக்கும் உள்ளே இருப்பவர்கள் என் வயிற்றில் பிறந்த பிள்ளைகள்! அந்த அமைதியைக் கேட்கக் கேட்க எனக்கே, நான் உயிரோடுதான் இருக்கிறேனா என்று சந்தேகம் வந்துவிட்டது.

குக்கர் ஐந்தாவது விசில் அடித்தது. பிறகு எட்டு, ஒன்பது. அப்புறம் விசிலே இல்லை, தீய்ந்த வாடைதான் வந்தது. பாவி, பிள்ளைகளை நானே உள்ளே வைத்துப் பூட்டிவிட்டேனே! தொண்டை கிழியக் கத்தினேன். தோப்பு வழியாக வந்த இரண்டு பேர் நின்றது வேலி இடுக்கில் தெரிந்தது. நான் கையை ஆட்டுவதற்குள், துண்டு கீழே விழுந்ததுகூடத் தெரியாமல் ஓடினார்கள்.

அப்புறம்தான் வேலிக்குப் பக்கத்தில் ஒரு நடுங்குகிற குரல் கேட்டது. "ஏய், நீ பேயா மனுசியா? மனுசின்னா பேரச் சொல்லு!" பால்கார அக்கா. ஒரு கையில் புல் அறுக்கிற அரிவாள், மறு கையில் வேப்பங்குழை. என் பேரைச் சொன்னேன். இரண்டு தடவை சொல்ல வைத்துவிட்டுத்தான், "அடி ஆத்தா, நீயா!" என்று முள்வேலியைத் தாண்டி வந்தார். அடுப்படி ஜன்னல் கண்ணாடியை உடைத்துக் கையை விட்டுத் தாழ்ப்பாளை நீக்கினார். உள்ளே புகுந்து அடுப்பை அணைத்தார். குக்கரின் அடி கருகி, வால்வு உருகியிருந்தது.

நடுக்கதவைத் திறந்தபோது நான் கண்டதை எப்போதும் மறக்க முடியாது. மகள் மூலையில் நின்று, தம்பியின் வாயை இரண்டு கையாலும் பொத்தியிருந்தாள். அவன் முகமெல்லாம் கண்ணீர். "அம்மாதான்னு தம்பி அழுதான்ம்மா. நான்தான் விடல. அது நீ இல்லைன்னு நீதான சொன்ன?" என்றாள். அவர்கள் இரண்டு பேரையும் கட்டிக்கொண்டு அழுதேன்; அப்படி வேறு எதற்கும் நான் அழுததில்லை.

ஆட்டோவில் தேனி ஆஸ்பத்திரிக்குப் போகும்போதுதான் அக்கா எல்லாவற்றையும் சொன்னார். கார் கிளம்பிப்போன பிறகு பூட்டிய வீட்டுக்குள் பிள்ளைகள் பாடுகிற சத்தம் கேட்கிறது என்று அந்தப் பக்கம் யாருமே நடப்பதில்லையாம். "இங்கன செத்த பிள்ளைக படிக்குதுன்னு சொன்னாக. உங்களுக்கு ஒண்ணும் ஆகக் கூடாதுன்னுதான் அந்த வேப்பிலையச் செருகுனேன்" என்றார். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

இவ்வளவு பயத்தை வைத்துக்கொண்டு எப்படி வந்தீர்கள் அக்கா என்று கேட்டேன்.

"பிள்ளைகளப் பேர் சொல்லிக் கூப்புட்டியே ஆத்தா. பேயா இருந்தாலும் பெத்தவதானன்னு வந்துட்டேன்."

அந்த வருடத்தின் மீதிப் பாடங்களைக் காலில் மாவுக்கட்டோடு, வாசல் கதவை விரியத் திறந்துவைத்துத்தான் நடத்தினேன். யார் கேட்டாலும் உள்ளதைச் சொன்னேன். நான் வளர்த்த வளர்ப்பில் என் பிள்ளைகள் பெற்றவளின் குரலுக்கே பதுங்கி நின்றார்கள். பால்கார அக்காவோ பேய் என்று நம்பிக்கொண்டே வந்தார். இன்றைக்கும் எங்காவது யாராவது கூப்பிட்டால், யார், எதற்கு என்று யோசிப்பதற்கு முன்னாலேயே "இதோ வர்றேன்" என்று என் வாய் சொல்லிவிடுகிறது.