தாழியைத் தொடாமல் போன கஜன்

மார்ச் 15, ஞாயிறு, காலை 10.20. ஆள் கணக்கு பன்னிரண்டு. இடம், என்னோடு வேலை செய்யும் அயர்லாந்துக்காரர் மாராவின் ஏவன்டேல் வீடு. அந்தக் காலத்து அயர்லாந்துக் கிராமச் சாப்பாட்டை ஒரு வேளை அப்படியே போடுவதாக அழைத்திருந்தார். அவித்த உருளைக்கிழங்கு, உப்பு, மோர். அவ்வளவுதான். ஆனால் கடை மோர் கூடாது, வெண்ணெய் கடைந்து எடுத்த மோர்தான் என்பது அவர் பிடிவாதம்.

நாங்கள் குடியிருக்கும் மவுண்ட் ரோஸ்கில்லிலிருந்து ஆறு கிலோமீட்டர், காரில் பதினாறு நிமிடம். ஓட்டியவன் என் அறைத்தோழன் கஜன், யாழ்ப்பாணத்துக்காரன். சந்தை கூடும் ஞாயிறன்று ஏவன்டேலில் பார்க்கிங் தேடுவது தனிப் பயணம். ஐந்து கிலோ கிழங்கை (எட்டு டாலர்) உள்ளே வைத்துவிட்டு, உடனே இடம் தேடிப் போய்விட்டான்.

கராஜில் இடுப்பளவு மரத் தாழி. மூடித் துளையில் நீளக் கோல். நம் மத்துபோல் சுழற்றாமல் மேலும் கீழும் குத்த வேண்டும். உள்ளே நான்கு லிட்டர் கிரீம். 11.05 வரை மாறி மாறிக் குத்தினோம். வெறும் நுரை. கிழங்கோ அடுப்பில் ஏறிவிட்டது. மோர் இல்லாவிட்டால் பன்னிரண்டு பேரும் வறட்டுக் கிழங்கை விழுங்க வேண்டியதுதான்.

"உன் நண்பன் தாழியைத் தொடாம போயிட்டான்," என்றார் மாரா. "கடையும்போது வந்தவங்க ஒரு கை போட்டுட்டுத்தான் போகணும். இல்லேன்னா வெண்ணெய் அவங்க கூடவே போயிடும்."

"அதெல்லாம் ஒண்ணுமில்ல. கிரீம்ல சூடு அதிகம்," என்றேன்.

வெப்பமானியை விட்டுப் பார்த்தேன். 22 டிகிரி. பதினைந்துக்குப் பக்கத்தில் வர வேண்டும். கஜனுக்குப் போன் போட்டேன். "டேய், தெருமுனை டெய்ரிக் கடையில ரெண்டு பை ஐஸ் வாங்கிட்டு ஓடி வா."

"இப்பத்தான் இடம் கிடைச்சது மச்சான். மனுசரை இருக்க விடமாட்டியோ?"

11.25க்கு வந்தான். தாழியை ஒரு தொட்டிக்குள் இறக்கி, சுற்றிலும் ஐஸைக் (பத்து டாலர்) கொட்டினேன். மாரா கோலை அவன் கையில் திணித்தார். காரணத்தைச் சொன்னேன்.

"ஓஹோ, என்னை வெண்ணெய்க் கள்ளன் எண்டு கதைக்கிறியளோ? திரளேக்க தாழியை உடைச்சுப் போடாதேங்கோ, அது காணும்."

11.52. பதினாறு டிகிரி. கோல் கனத்தது. மூடியைத் திறந்தால் கடுகளவு மஞ்சள் மணிகள்.

கிழங்கை வடித்து, பிரம்புக் கூடையைப் பானைமேல் வைத்துக் கொட்டினார் மாரா. சுற்றி உட்கார்ந்து, நகத்தால் தோலை உரித்து, உப்பில் தொட்டு, மோர் குடித்தோம். தட்டு கிடையாது. வெண்ணெய் அந்தக் காலத்தில் விற்பனைக்காம், வீட்டுக்கு மோர்தான். மூன்று குவளை குடித்தேன். தாளிதம் இல்லாமலே நன்றாக இருந்தது.

ஆனால் வெண்ணெயை வரவழைத்தது ஐஸா, கஜனா? இரண்டையும் ஒரே நேரத்தில் மாற்றித் தொலைத்தேன். சோதனை செல்லாது. இனி செய்யப்போவது:

1. ஞாயிற்றுக்கிழமை ஏவன்டேலுக்கு ரயிலில் போவேன்.
2. கடையும் முன்பே கிரீமின் சூட்டைப் பார்ப்பேன்.
3. ஐஸ் உள்ளே, கஜன் வெளியே: இந்தச் சோதனையை என் வீட்டில், என் ஒருவன் சாப்பாட்டுக்கு மட்டும் செய்வேன்.
4. அடுத்தவர் வீட்டில் பன்னிரண்டு பேர் பசித்திருந்தால், வாசலைத் தாண்டியதும் கோலைப் பிடிப்பேன்.