கிராணி வீட்டு முன்னால் சைக்கிள்

பிரிக்பீல்ட்ஸில் என் வீட்டு வாசலில் யாரோ டயர் இல்லாத சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போகிறார்கள். அந்தக் கடகடச் சத்தத்தில் அப்பா வந்துவிட்டார்.

அது மலாயாவில் ஜப்பான்காரன் ஆண்ட காலம். கிள்ளான் பக்கம் ரப்பர் தோட்டத்தில் குடியிருந்தும் எங்களுக்கு டயர் கிடையாது. அப்பா சக்கரத்தில் கயிறு சுற்றி ஓட்டினார். வெள்ளைக்காரத் துரை ஓடிப்போய், அவருடைய பங்களாவுக்குள் ஆடுகள் படுத்திருந்தன. ஆனாலும் பங்களாவைக் கண்டால் எல்லாரும் சைக்கிளைவிட்டு இறங்கித்தான் நடந்தார்கள். அது தோட்டத்துச் சட்டம். அடுத்திருந்த, தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணியின் வீட்டுக்கும் அதே மரியாதை. மரியாதையாம்! போனவர் திரும்பாத சயாம் ரயில் பாதை வேலைக்கு, ஜப்பான்காரனுக்காக ஆள் பெயர் எழுதுகிறவர் அந்தக் கிராணிதான்.

ஒருநாள் என்னைப் பின்னால் வைத்து ஓட்டிவந்த அப்பா, பங்களா முன்னால் இறங்கினார். வாசலில் நின்ற ஆடு அவரையே பார்த்தது.

"ஆட்டுக்கா இறங்குறேன்?" என்று மறுபடியும் ஏறினார். கிராணி வீட்டு முன்னாலும் இறங்கவில்லை.

"டேய், இறங்குடா! பேர எழுதிருவேன்!" என்று கத்தினார் கிராணி.

"எழுதுங்க. நாளைக்கு எல்லாருமே வரோம்."

மறுநாள் லயத்து வரிசை வீடுகளில் இருந்த ஆட்கள் அத்தனை பேரும் சைக்கிளில் வந்தார்கள். ஒருவர்கூட இறங்கவில்லை.

"எல்லாரையும் சயாமுக்கு அனுப்பிட்டா, ஜப்பான்காரனுக்கு மரவள்ளி நட நீங்களா வருவீங்க?" என்று அப்பா கேட்டார். கிராணி அப்பாவின் பெயரை மட்டும் எழுதினார்.

சயாம் போன அப்பா திரும்பவில்லை. ஆனால் அதன் பிறகு எங்கள் தோட்டத்தில் யாரும் யாருக்காகவும் சைக்கிளைவிட்டு இறங்கவில்லை. அம்மா அந்தச் சைக்கிளையே ஓட்டப் பழகினார். கிராணி வீடு வந்தால் மட்டும் வேகத்தைக் குறைப்பார். ஏன் என்று ஒருமுறை கேட்டேன்.

"நல்லா பாக்கட்டும்."